எல்லார் பொறுப்பும் யார் பொறுப்பு?
கல்லூரி வளாகங்களில் சமத்துவம்: துவாக்குடிச் சாலையிலிருந்து ஒரு பார்வை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் தாண்டினால் பெல் ஆலையும் அதன் குடியிருப்பும். அதற்கடுத்துத் துவாக்குடி. இந்தச் சில கிலோமீட்டருக்குள் தேசியத் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.), அரசு பாலிடெக்னிக், அரசு கலைக் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி வரும் மாணவரும், பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வரும் மாணவரும் ஒரே சாலையில் இறங்கிப் படிக்கப் போகிறார்கள்.

இவர்களில் யார் உள்ளே வரலாம் என்ற கேள்விக்குத் தமிழ்நாடு நூறாண்டுகளாகப் பதில் தேடி, பெருமளவு சட்டமாகவும் எழுதிவைத்துவிட்டது. உள்ளே வந்தவர் தலைநிமிர்ந்து படித்து முடிப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விதான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது. முதல்வரைக் கேட்டால் குழு இருக்கிறது என்பார். குழுவைக் கேட்டால் புகாரே வரவில்லை என்பார்கள். துறைத்தலைவர் விடுதியைக் கைகாட்டுவார், வார்டன் அலுவலகத்தைக் கைகாட்டுவார். ‘சமத்துவம் நம் அனைவரின் பொறுப்பு’ என்ற வாசகம் மட்டும் நுழைவாயில் பலகையில் பளிச்சென்று இருக்கும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன, அதை எப்படிச் செய்யலாம், எங்கே அது வெறும் கைகழுவலாகிறது என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலைத் திறந்த பிறகு

ஒரே சாலையில் இரண்டு இடஒதுக்கீட்டு முறைகள் நடக்கின்றன. அரசு கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் மாநிலத்தின் 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. என்.ஐ.டி.யில் மத்திய அரசின் கணக்கு: பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. இதற்கு மேல், அங்கே பாதி இடம் தமிழ்நாட்டு மாணவருக்கு, மீதிப் பாதி வெளிமாநிலத்தவருக்கு. பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த 2018 முதல் என்.ஐ.டி.க்களில் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, அவர்களின் பங்கை 14, 17, 20 விழுக்காடு என்று படிப்படியாகக் கொண்டுபோனார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் அவர்களுக்கு 5 விழுக்காடு இடம் தருகிறது.

வாசல் திறந்ததன் பலன் கண்கூடு. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் இந்த ஓட்டத்துக்கு வேகம் கூட்டியிருக்கின்றன.

ஆனால் சேர்ந்தவர்கள் எல்லாரும் நிலைத்தார்களா? மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து ஐந்தாண்டுகளில் 13,600-க்கும் மேற்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் வெளியேறியதாக 2023 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வேறு படிப்புக்கும் வேறு நிறுவனத்துக்கும் மாறிச் செல்ல மாணவர்களுக்கு வாய்ப்பு உண்டு என்பது அதனுடன் வந்த விளக்கம். மாறியவர் எத்தனை பேர், மனம் வெறுத்துப் போனவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும் கடமை எந்த வளாகத்தில் எந்த நாற்காலிக்கு இருக்கிறது? அந்த நாற்காலியே இல்லை என்பதுதான் சிக்கலின் ஆணிவேர்.

சேரன்மாதேவியில் தொடங்கிய வழக்கு

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதியதில்லை. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் 1920-களில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தேசியக் கல்விக்கு ஓர் எடுத்துக்காட்டாக அது விளங்கும் என்று நம்பித் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர முன்வந்து, ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி என்பது வெளியே தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். மீதிப் பணம் நிறுத்தப்பட்டது. 1925-இல் பெரியார் காங்கிரசை விட்டு விலகிய காலத்துக் கசப்புகளில் இதுவும் ஒன்று.

அந்த வழக்கில் நமக்கு இன்றும் உதவுவது பொறுப்பு கைமாறிய விதம். பெற்றோர் கேட்டுக்கொண்டதால் இப்படி என்றது குருகுலத் தரப்பு. பணம் கொடுத்த இயக்கத்துக்கோ பந்தியில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு இல்லை. நிறுவனரின் நாட்டுப்பற்றை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்த நல்லெண்ணமே கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டது. பந்தியில் உட்காரும் பையனுக்குப் புகார் சொல்ல இடமில்லை.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி நுழைவும் தனித்தனிக் கைகழுவும் தொட்டியும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் அதைப் படம்பிடித்து வெளியிட்ட பிறகு அகற்றினார்கள். உயர்ந்த ஆய்வுக்கூடங்களும் தகுதி வாய்ந்த பேராசிரியர்களும் உள்ள இடத்தில் இதைக் கவனித்தவர்கள் மாணவர்கள். மெஸ் சிறிய விஷயம் என்று பெரியவர்கள் நினைக்கும் இடத்தில்தான் பாகுபாடு முதலில் பாய் விரிக்கிறது.

சட்டம் பகிர்ந்து கொடுத்த மூன்று விதம்

நம் கல்லூரிகளில் இன்று நடைமுறையில் உள்ள விதிகளைப் பார்த்தால், பொறுப்பைப் பங்கிடுவதில் மூன்று வேறு மாதிரிகள் தெரிகின்றன.

முதலாவது ராகிங் தடுப்பு. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் ஆர்.கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வகுத்தது. இதில் பொறுப்பு மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது. தலைமையில் நிறுவனத் தலைவர். குழுவில் ஆசிரியர், பெற்றோர், புதிய மாணவர், மூத்த மாணவர், அலுவலகப் பணியாளர், காவல்துறை, உள்ளூர் ஊடகம் வரை இடமுண்டு. விடுதிகளைத் திடீரென்று சோதிக்கத் தனிப் படை. ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். தலைவர் தவறினால் அவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ராகிங் முற்றாக ஒழியவில்லை. ஆனால் ‘இது வழக்கம்தானே’ என்ற பேச்சு வளாகங்களில் எடுபடாமல் போனதற்கு இந்த வலைப்பின்னல் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, பாலியல் துன்புறுத்தலுக்கான உள் புகார்க் குழு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. கல்லூரிகளுக்காக 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதி ஒரு படி மேலே போனது: துணைவேந்தர், பதிவாளர், புலமுதல்வர், துறைத்தலைவர் போன்ற உயர்பதவியில் இருப்பவர்கள் இக்குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் அமர வேண்டும். வெளியாள் ஒருவரும் கட்டாயம். தலைமையிலிருந்து தள்ளி நின்றால்தான் நியாயம் பிழைக்கும் என்ற கணிப்பு இதில் இருக்கிறது.

மூன்றாவது, சாதி முதலான பாகுபாடுகளுக்கானது. 2012-இல் வந்த விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையத்தையும் ஒரு பாகுபாடு தடுப்பு அதிகாரியையும் கேட்டன. சாதிப் பாகுபாட்டுப் புகார்களின் பின்னணியில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016-இலும் மருத்துவ மாணவி பாயல் தட்வி 2019-இலும் இறந்தபின், அவர்களின் தாயார் இருவரும் உச்ச நீதிமன்றம் சென்று, இவ்விதிகள் காகிதத்தில் மட்டுமே இருப்பதாக முறையிட்டார்கள். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் வெளியான புதிய விதிகள், நிறுவனத் தலைவரே தலைமை ஏற்கும் சமத்துவக் குழு, வளாகத்தைச் சுற்றிவரும் படை, துறைதோறும் விடுதிதோறும் தூதர் என்று பொறுப்பைப் பரவலாக்கப் பார்த்தன. அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

இம்மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முரண் எழுகிறது. பாலியல் புகாரில் தலைவர் விலகி நிற்க வேண்டும் என்கிறோம். சாதிப் புகாரில் அவரே தலைமை தாங்க வேண்டும் என்று வரைகிறோம். இரண்டுமே பாதி சரி. தடுப்பதற்கும் செலவிடுவதற்கும் மாற்றியமைப்பதற்கும் தலைவர் வேண்டும், ஏனென்றால் பணமும் உத்தரவும் அவர் கையில். விசாரிப்பதற்கு அவர் வேண்டாம், ஏனென்றால் நிறுவனத்தின் பெயர் கெடக்கூடாது என்ற கவலையும் அவருடையது. தடுக்கும் பொறுப்பையும் விசாரிக்கும் அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுத்தால் இரண்டுமே ஊனப்படும்.

துவாக்குடிச் சாலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கலைக் கல்லூரியைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி கட்டுப்படுத்தும். பாலிடெக்னிக் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கண்காணிப்பில் வருகிறது. என்.ஐ.டி. 2007-ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி இயங்குகிறது. ஒரே வகைக் குறைக்கு மூன்று வளாகங்களிலும் மூன்று வேறு கதவுகள்.

ஓர் இரவு

2024 ஆகஸ்ட் இறுதியில் திருச்சி என்.ஐ.டி.யில் நடந்தது இந்தக் கேள்வியை நாடறியச் செய்தது. மகளிர் விடுதி ஒன்றுக்கு வைஃபை வேலைக்கு வந்த ஒப்பந்தப் பணியாளர், அறையில் இருந்த மாணவியின் முன் ஆபாசமாக நடந்துகொண்டார். புகார் சொன்னபோது, விடுதிப் பொறுப்பில் இருந்தவர் மாணவியின் உடையைக் குறைசொன்னதாக மாணவர்கள் குற்றஞ்சாட்டினர். இரவு முழுவதும் வளாகத்தில் மாணவ மாணவியர் அமர்ந்து போராடினார்கள். காவல்துறை அதிகாரிகள் வந்து பேசினார்கள். பணியாளர் கைதானார், விடுதித் தரப்பு மன்னிப்புக் கேட்ட பிறகே போராட்டம் முடிந்தது.

அந்த நிறுவனத்திலும் குழுக்கள் இருந்தன. ஆனால் மாணவியின் அறைக்கும் குழுவுக்கும் நடுவே எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்: ஆள் அனுப்பிய ஒப்பந்த நிறுவனம், அவரை உள்ளே விட்ட காவலாளி, கூடவே யாராவது போக வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர்கள், முதலில் புகாரைக் காதில் வாங்கியவர். இவர்களில் பலருக்குச் சமத்துவக் கொள்கை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. முதல் வார்த்தையைச் சொல்பவர் யாரோ அவர்தான் மாணவரைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் நிறுவனம். பொறுப்பைப் பகிர்வது என்றால் அந்த முதல் வார்த்தையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரை அந்த இடத்தில் வைப்பதும், சொல்லத் தவறினால் அவரும் அவரை நியமித்தவரும் பதில் சொல்வதும்தான்.

பச்சைமலையிலிருந்து முதல் பருவம் வரை

அதே 2024-இல், திருச்சி மாவட்டப் பச்சைமலைப் பகுதியின் அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. தேர்வெழுதி இதே என்.ஐ.டி.யில் இடம்பிடித்தார். மாநிலமே கொண்டாடியது, கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. இப்படி வரும் ஒரு மாணவர், அவர் யாராக இருந்தாலும், முதல் பருவத்தில் எதையெல்லாம் சந்திக்கிறார் என்று பிரித்துப் பார்த்தால் பொறுப்பின் பங்கீடு தானே தெளிவாகும்.

என்.ஐ.டி.க்களில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. ஆனால் மெஸ் கட்டணம், மடிக்கணினி, ஊருக்குப் போய்வரும் செலவு உண்டு. இது அலுவலகத்தின் கணக்கு. தமிழ்வழியில் படித்தவருக்கு ஆங்கில விரிவுரை புரிய ஒரு பருவமாவது ஆகும். இது துறையின் கணக்கு. ஆய்வகத்தில் ‘நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டால் ஏற்கெனவே பழகியவர்கள் சேர்ந்துவிடுவார்கள், மிஞ்சுகிறவர்கள் யார் என்பது சொல்லாமலே தெரியும். அதை வரிசை எண்படி மாற்றிப் போட ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். அறைத்தோழர் யார் என்பதை முடிவுசெய்வது வார்டன். ‘உன் ரேங்க் என்ன?’ என்று முதல் நாளே கேட்டு, வந்த வழியைக் கண்டுபிடிக்கும் வழக்கத்தை நிறுத்தக்கூடியவர்கள் மூத்த மாணவர்கள் மட்டுமே. எந்தச் சுற்றறிக்கையாலும் அதைச் சாதிக்க முடியாது.

அரசுக் கல்லூரியிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்காதவங்க எந்திரிங்க” என்று வகுப்பில் உரக்கக் கேட்பது பல இடங்களில் இன்றும் நடக்கிறது. கேட்பவருக்கு வேலை சீக்கிரம் முடிகிறது. எழுந்து நிற்பவருக்கு அந்த வகுப்பு அதற்குமேல் பழைய வகுப்பாக இருப்பதில்லை. பட்டியலை அலுவலகத்தில் வைத்துத் தனித்தனியே அழைத்தால் போதும். செலவில்லாத திருத்தம், ஆனால் செய்ய வேண்டியவர் எழுத்தர், சொல்ல வேண்டியவர் கண்காணிப்பாளர், கவனிக்க வேண்டியவர் முதல்வர்.

நல்ல முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. என்.ஐ.டி. மாணவர்களின் ‘இக்னைட்’ என்ற கற்பித்தல் குழு, வட்டார அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஜே.இ.இ. பயிற்சி அளித்துவருகிறது. யாரும் உத்தரவிடாமல் மாணவர்கள் எடுத்துக்கொண்ட பொறுப்பு இது. தன் வளாகத்தில் யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்கள் மதிலுக்கு வெளியே போய்க் கேட்கிறார்கள். அதே ஊக்கத்தை மதிலுக்கு உள்ளேயும் பயன்படுத்த நிறுவனம் வழி திறந்துவிட வேண்டும்.

சுமை யார் தலையில்?

பகிர்வுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, பகிரப்பட்ட பொறுப்பு நீர்த்துப்போகும் என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதைவிடப் பெரிய குறை வேறொன்று. பகிர்வு என்ற பெயரில் சுமை மட்டும் சிலர் தலையில் இறங்குகிறது. துறையில் உள்ள ஒரே தலித் பேராசிரியர் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்குப் பொறுப்பாளராவார். பெண் பேராசிரியர் உள் புகார்க் குழுவிலும் விடுதியிலும் மகளிர் மன்றத்திலும் இருப்பார். இதற்காக வகுப்பு நேரமும் குறையாது, பதவி உயர்வில் மதிப்பெண்ணும் வராது. வலி தெரிந்தவர்தான் மருந்தும் தயாரிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு மற்றவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதப் போய்விடுவார்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் இன்னொரு நெருக்கடி. தமிழ்நாடெங்கும் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களின் உழைப்பில்தான் வகுப்புகள் நடக்கின்றன. மாணவரோடு அதிகம் பழகுவதும் அவர்கள்தான். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் துறைத்தலைவரின் பாகுபாட்டை எப்படிச் சுட்டிக்காட்டுவார்? பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் பொறுப்பைக் கொடுப்பது பலிகொடுப்பதற்குச் சமம்.

மாணவர் பங்கும் இப்படித்தான். என்.ஐ.டி. சட்டம் ஆட்சிக்குழுவில் ஒரு பேராசிரியருக்கும் ஓர் உதவிப் பேராசிரியருக்கும் இடம் தருகிறது, மாணவருக்கு இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் பெயரளவுக்கே நடக்கிறது, அல்லது நடப்பதே இல்லை. நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் பள்ளித் தோழர்களால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சமூக நீதி மாணவர் படை ஒன்றைப் பரிந்துரைத்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்க வேண்டாம் என்றும் சொன்னது. இரண்டாவது பரிந்துரை தலைமைப் பதவியை யார் வகிக்கிறார் என்பதையே கேள்விக்கு உட்படுத்துகிறது. மாணவர் கையில் கொடி கொடுப்பதோடு நாற்காலியையும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பார்வை கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் மூடிய கதவுகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இருபது ஆண்டுகளாக வேறு வழியில் போய்ப் பார்த்தன. பன்மைத்துவத்துக்கென்று துணைத்தலைவர் தகுதியில் தனி அதிகாரி, தனி அலுவலகம், தனி நிதி. வேலைகள் சில நடந்தன. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் மாநிலச் சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய அலுவலகங்களையே தடைசெய்தது. இந்தத் துறையில் முன்னோடி என்று பேசப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகமும் 2025 மார்ச்சில் தன் மைய அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. அலுவலகத்தின் பெயரில் நின்ற வேலை, பெயர்ப்பலகையோடு இறங்கிவிடும் அபாயம் அங்கே வெளிப்பட்டது.

நம் நிலை ஒரு வகையில் பாதுகாப்பானது. 1951-இல் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்ததை அடுத்து வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் முதல், சமத்துவத்துக்கு இங்கே சட்டப் பிடிமானம் இருக்கிறது. ஒரு துணைவேந்தரின் மனநிலை மாறுவதால் இடஒதுக்கீடு போய்விடாது. ஆனால் வகுப்பறை நடத்தையும் விடுதிச் சூழலும் அந்தப் பிடிமானத்துக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

துவாக்குடிச் சாலையின் மூன்று வளாகங்களையும் மனதில் வைத்துச் சில ஏற்பாடுகளை யோசிக்கலாம். எந்தக் குறைக்கு எந்தப் பதவி முதல் பொறுப்பு, எத்தனை நாளில் பதில் என்ற பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், என்.ஐ.டி.யில் இந்தியிலும், விடுதிச் சுவரில் ஒட்டலாம். காவல், மெஸ், பராமரிப்பு ஒப்பந்தங்களில் நடத்தை விதியும் பயிற்சியும் மீறினால் அபராதமும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். விசாரணைக் குழுக்களில் அமரும் வெளியாட்களை மூன்று வளாகங்களும் கூடி ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுத்தால், முதல்வருக்கு வேண்டியவரே ‘வெளியாள்’ ஆகும் வழக்கம் குறையும். இந்தப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்குப் பாடவேளையில் கழிவு கொடுக்க வேண்டும். பிரிவு வாரியாகச் சேர்ந்தவர், அரியர் வைத்திருப்பவர், இடையில் நின்றவர், முடித்தவர் எண்ணிக்கையைத் துறைதோறும் ஆண்டுக்கொரு முறை வெளியிடலாம். இந்தக் கணக்கு தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது மட்டும் தூசிதட்டும் கோப்பாக இருக்கக் கூடாது.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. வேண்டியது, ஒவ்வொரு பொறுப்போடும் அதற்கேற்ற அதிகாரம், நேரம், பணம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் மனம். அப்படிக் கொடுத்த பின்னும் ஒன்று மட்டும் பகிர முடியாததாகத் தலைவரிடமே தங்கும்: கேட்டால் பதில் சொல்லும் கடமை. வார்டன் தவறினாலும், ஒப்பந்ததாரர் தவறினாலும், எழுத்தர் தவறினாலும் ஆண்டறிக்கையில் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் இயக்குநர் அல்லது முதல்வர். வேலையைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அந்தக் கையெழுத்தையும் பிரித்துவிடும் வளாகத்தில், பொறுப்பு பகிரப்படவில்லை, தொலைக்கப்பட்டிருக்கிறது.